“எத்தனை சதவீதம் தேறியிருக்கிறது?”: மூளைக்காயத்திற்குப் பிறகு இளைஞர்களின் முன்னேற்றத்தை அளப்பது எப்படி?

மூளைக்காயம் பட்ட இளைஞர் ஒருவர் கண் விழித்து, பேசத் தொடங்கி, கைத்தாங்கலாக நடக்கவும் ஆரம்பித்த பிறகு, வீட்டார் மருத்துவரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இப்போது எத்தனை சதவீதம் தேறியிருக்கிறது?” அறுபது என்றோ எண்பது என்றோ ஓர் எண் காதில் விழுந்தால் மனம் சற்று ஆறும் என்பதால், அந்தக் கேள்வி இயல்பானதே. ஆனால் காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருப்பதைப் போல, மூளைக்காயத்திலிருந்து மீள்வதை அளக்க ஒரே ஒரு கருவி கிடையாது. இருப்பவை பல அளவுகோல்கள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் எழும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடை தேடுவதற்காக உருவாக்கப்பட்டது. ஒன்றில் முழு மதிப்பெண் பெற்ற அதே நாளில், அதே நபர் மற்றொன்றில் பாதிகூடப் பெறாமல் போகலாம். இரண்டு எண்களுமே சரியாக இருக்கும்.

சாலை விபத்து, உயரத்திலிருந்து விழுதல், தலையில் பலத்த அடி போன்ற புறக்காரணங்களால் ஏற்படும் மூளைக்காயத்தையே இங்கே பேசுகிறோம். பக்கவாதமும் மூளைக்காய்ச்சலும் மூளையைப் பாதிக்கின்றன என்றாலும், அவற்றின் போக்கு வேறு.

முதலில் கேட்கும் எண்

அவசரப் பிரிவில் வீட்டார் காதில் விழும் முதல் எண் பெரும்பாலும் ‘ஜி.சி.எஸ்.’ எனச் சுருக்கிச் சொல்லப்படும் கிளாஸ்கோ கோமா அளவுகோலின் எண்ணாக இருக்கும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நரம்பியல் அறுவை மருத்துவர்களாகப் பணியாற்றிய கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் ஆகிய இருவரும் 1974ஆம் ஆண்டு இதை வெளியிட்டனர். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6 என அதிகபட்ச மதிப்பெண்கள் வகுக்கப்பட்டுள்ளன. எந்த அசைவும் பேச்சும் இல்லாதவருக்கும் ஒவ்வொன்றிலும் 1 உண்டு என்பதால், மொத்தம் 3-இல் தொடங்கி 15-இல் முடிகிறது. 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரக் காயம், 8-உம் அதற்குக் கீழும் கடுமையான காயம் என்று பிரிப்பது வழக்கம்.

இங்கேதான் முதல் குழப்பம் தொடங்குகிறது. ஜி.சி.எஸ். 15-ஐ எட்டிவிட்டது என்றால், அவர் தானாகக் கண் திறக்கிறார், தான் யார், எங்கே இருக்கிறார் என்பதைச் சொல்கிறார், கையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறார் என்று மட்டுமே பொருள். நேற்று வந்துபோன மாமாவை அவருக்கு நினைவிருக்கிறதா, ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வாரா, கோபத்தை அடக்குவாரா என்பதையெல்லாம் அந்த 15 சொல்லாது. காயத்தின் கடுமையையும் முதல் சில நாட்களின் ஏற்ற இறக்கத்தையும் கண்காணிப்பதற்கான கருவி அது. மறுவாழ்வுப் பயிற்சியின் பலனை அதைக் கொண்டு அளப்பது, வீட்டு வாசலில் வண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அது எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

சுயநினைவு மீளாமல் நீண்ட நாள் இருப்பவர்களுக்கு, 2004இல் திருத்தி வெளியிடப்பட்ட கோமா மீட்பு அளவுகோல் பயன்படுகிறது. 0 முதல் 23 வரை மதிப்பெண் உள்ள இதை ஒரு முறை செய்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது. காலையில் முகத்தெதிரே நகர்த்தும் கண்ணாடியைப் பார்வையால் தொடர்பவர் மாலையில் எதற்கும் அசையாமல் இருக்கலாம் என்பதால், வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு நேரங்களில் திரும்பத் திரும்பச் சோதித்து, அவற்றுள் கிடைத்த சிறந்த நிலையையே கணக்கில் கொள்வார்கள்.

பேசுகிறார், ஆனால் நாள் தங்கவில்லை

கண் விழித்த பிறகு பலருக்கும் ஒரு விசித்திரமான இடைக்காலம் வருகிறது. ஆள் பேசுவார், சிரிப்பார், சாப்பாடு கேட்பார்; ஆனால் அன்றாடம் நடப்பது எதுவும் மனத்தில் தங்காது. காலையில் வந்த அண்ணனை மாலையில் “ஏன் இன்னும் வரவில்லை?” என்று கேட்பார். மருத்துவமனையைக் கல்லூரி விடுதி என்று நினைத்துக்கொண்டு கிளம்பப் பார்ப்பார். காயத்திற்குப் பிந்தைய இந்த மறதிக்காலம் எத்தனை நாள் நீடிக்கிறது என்பது, பின்னாளில் அவர் எவ்வளவு தூரம் தேறுவார் என்பதைச் சுட்டும் வலுவான அடையாளங்களுள் ஒன்று. பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் ரிச்சி ரஸ்ஸல் 1930களிலேயே இதன் முக்கியத்துவத்தைக் கவனித்தார். ஒரு மணி நேரத்திற்குக் குறைவென்றால் லேசானது, ஒரு நாளுக்குள் முடிந்தால் நடுத்தரம், ஒரு வாரம்வரை நீடித்தால் கடுமையானது, அதையும் தாண்டினால் மிகக் கடுமையானது என்ற வகைப்பாடு அந்த வழியில் வந்ததே.

இந்தக் காலம் எப்போது முடிந்தது என்பதை ஊகத்தால் சொல்வதில்லை. ஆஸ்திரேலியாவில் உருவான வெஸ்ட்மீட் அளவுகோலில் நாள்தோறும் 12 கேள்விகள் கேட்கப்படுகின்றன. வயது, பிறந்த நாள், மாதம், ஆண்டு, கிழமை, பொழுது, இருக்கும் இடம் ஆகிய ஏழும் காலத்தையும் இடத்தையும் பற்றியவை. எஞ்சிய ஐந்தும் நினைவைச் சோதிப்பவை: நேற்று வந்து கேள்வி கேட்டவரின் முகம், அவருடைய பெயர், நேற்றுக் காட்டிய மூன்று படங்கள். தொடர்ந்து மூன்று நாட்கள் 12-க்கு 12 பெற்றால், அந்த மூன்றில் முதல் நாளோடு மறதிக்காலம் முடிந்ததாகக் கொள்வார்கள். எளிமையான முறை, ஆனாலும் சிந்தித்துச் செய்யப்பட்டது. நன்றாகப் பேசுகிறவரைப் பார்த்து ‘தெளிந்துவிட்டார்’ என்று நாம் ஏமாந்துபோவதை அந்த மூன்று படங்கள் தடுத்துவிடுகின்றன.

18 செயல்கள், 126 மதிப்பெண்கள்

வார்டிலிருந்து மறுவாழ்வுப் பிரிவுக்கு மாறியதும் அளவுகோலும் மாறுகிறது. உலகின் பல மறுவாழ்வு மையங்களில் வழங்குவது, ‘எஃப்.ஐ.எம்.’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் செயல் தற்சார்பு அளவுகோல். 1980களில் அமெரிக்காவில் உருவான இதில் 18 செயல்கள் உள்ளன. உண்பது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை செல்வது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படியேறுவது உள்ளிட்ட 13 செயல்கள் உடலைச் சார்ந்தவை. புரிந்துகொள்வது, சொல்ல நினைத்ததைச் சொல்வது, பிறரோடு பழகுவது, சிக்கலைத் தீர்ப்பது, நினைவில் கொள்வது ஆகிய 5-உம் அறிவாற்றலைச் சார்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். முழுக்க முழுக்கப் பிறர் செய்துவிட்டால் 1. பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டால் போதும் என்றால் 5. கைத்தடி போன்ற துணைக்கருவியுடன் தானே செய்தால் 6. எந்த உதவியுமின்றி, பத்திரமாக, உரிய நேரத்தில் செய்தால் 7. ஆகவே மொத்தம் 18-லிருந்து 126 வரை.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். 1, 2, 3 என்று வரிசையாக இருப்பதால் அவை சம உயரமுள்ள படிக்கட்டுகள் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஒரு படி முழங்கால் உயரமும் அடுத்தது விரற்கடை உயரமுமாக இருக்கலாம். குளிப்பதில் ஒருவர் 4-லிருந்து 5-க்கு வருவதும், நினைவாற்றலில் இன்னொருவர் 4-லிருந்து 5-க்கு வருவதும் ஒரே அளவு முன்னேற்றம் அல்ல. இருவரும் 100 பெற்றிருந்தாலும், ஒருவர் உடல் திடமாகவும் நினைவு தடுமாற்றமாகவும், மற்றவர் நினைவு தெளிவாகவும் கால் வலுவற்றும் இருக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் மொத்தத்தை மட்டும் எழுதித் தருவது, மாணவரின் மதிப்பெண் பட்டியலில் பாடங்களை அடித்துவிட்டுக் கூட்டுத்தொகையை மட்டும் காட்டுவதற்குச் சமம் என்பதே என் கருத்து. வீட்டார் கேட்டுப் பெற வேண்டியது 18 வரிகளையும்தான்.

இளைஞர்களைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அங்கன்வாடியில் குழந்தைகளின் உயரத்தை அளக்கும் பலகையின் முன்னே வளர்ந்தவர்களை நிறுத்தினால், ஐந்தடிக்காரரும் ஆறடிக்காரரும் பலகையின் உச்சியைத் தாண்டியே நிற்பார்கள். யார் உயரம் என்று பலகைக்குத் தெரியாது. குளிப்பது, உடுத்துவது, நடப்பது போன்ற செயல்களைக் கொண்ட அளவுகோல்களில் இருபது வயதுக்காரர்கள் சில மாதங்களிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு அவர் முன்னேறினாலும் எண் ஏறாது. முன்னேறாமல் நின்றாலும் எண் அதைக் காட்டிக்கொடுக்காது. அளவீட்டியலில் இதற்குக் கூரை விளைவு என்று பெயர். கூரையில் தலை முட்டிய எண்ணைப் பார்த்து, ‘இவருக்கு இனிப் பயிற்சி தேவையில்லை’ என்று முடிவெடுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஓட முடிகிறதா?

இந்தக் கூரையை உயர்த்துவதற்கென்றே செய்யப்பட்ட கருவி ஒன்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரைச் சேர்ந்த இயன்முறை மருத்துவர் கேவின் வில்லியம்ஸும் அவருடைய குழுவினரும் 2005ஆம் ஆண்டு உயர்நிலை நடமாட்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். ‘ஹைமேட்’ என்பது அதன் சுருக்கப்பெயர். மூளைக்காயம் பட்டவர்களில் பெரும் பகுதியினர் இளைஞர்கள். அவர்கள் காயத்திற்கு முன் பந்து விளையாடியவர்கள், பேருந்தை ஓடிப் பிடித்தவர்கள், படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறியவர்கள். அவர்களிடம் ‘நடக்கிறாயா?’ என்று மட்டும் கேட்பது போதாது.

இருபது மீட்டர் தூரம் கைத்தடியின்றித் தானே நடக்க முடிகிறவருக்குத்தான் இந்தச் சோதனை தொடங்குகிறது. அதாவது, வழக்கமான அளவுகோல்கள் முடிகிற இடம் இதற்கு வாசற்படி. நடத்தல், பின்னோக்கி நடத்தல், குதிகால் தரையில் படாமல் நடத்தல், தடையைத் தாண்டி நடத்தல், ஓடுதல், துள்ளிச் செல்லுதல், ஒற்றைக்காலில் நொண்டிச் செல்லுதல், ஒரு காலில் எம்பி மறு காலில் இறங்கும் தாவல், படி ஏறுதல், படி இறங்குதல் உள்ளிட்ட 13 உருப்படிகள். பெரும்பாலானவற்றை ஸ்டாப்வாட்ச் வைத்து நேரத்தால் அளக்கிறார்கள். தாவலைத் தூரத்தால் அளக்கிறார்கள். மொத்தம் 54 மதிப்பெண்கள். படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுவதும் பிடிக்காமல் ஏறுவதும் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதைக் கவனியுங்கள். எஃப்.ஐ.எம். அளவுகோலில் நடையிலும் படியேற்றத்திலும் 7-க்கு 7 பெற்ற இளைஞர் இங்கே 54-க்கு 20 என்று நின்றால், அவருக்கு முன்னால் இன்னும் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

எளிய கருவிகளுக்கும் இடம் உண்டு. பத்து மீட்டர் நடையை நேரம் பார்த்து நொடிக்கு எத்தனை மீட்டர் என்று கணக்கிடுவதற்கு ஒரு தாழ்வாரமும் ஒரு கைக்கடிகாரமும் போதும். ஆரோக்கியமான இளைஞர் இயல்பாக நடக்கும் வேகம் நொடிக்குச் சுமார் 1.3 மீட்டர் என்பதால், 0.7 என்பது எவ்வளவு மெதுவானது என்று வீட்டாரும் புரிந்துகொள்ளலாம்.

அமைதியான அறையும் சந்தடியான தெருவும்

கைகால்களின் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். கவனம், நினைவு, திட்டமிடல் ஆகியவற்றின் முன்னேற்றம் தெரியாது. இவற்றை அளப்பது நரம்பியல் உளவியலாளரின் பணி. எண்களைச் சொல்லித் தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வைப்பது, சிதறிக் கிடக்கும் எண்களை வரிசைப்படி கோட்டால் இணைக்க வைப்பது, ஒரு சொற்பட்டியலைப் படித்துக் காட்டி அரை மணி நேரம் கழித்துக் கேட்பது போன்ற சோதனைகள் அவரிடம் உண்டு. அவற்றில் கிடைக்கும் எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. அதே வயது, அதே அளவு கல்வி, அதே சமூகப் பின்னணி கொண்ட ஆரோக்கியமானவர்களின் எண்ணோடு ஒப்பிட்டால்தான் பொருள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் சராசரியைக் கொண்டு நம் ஊர்ப் பிள்ளையை மதிப்பிடுவது நியாயமாகாது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நரம்பியல் உளவியல் சோதனைத் தொகுப்பு, இந்தியர்களிடமிருந்தே பெற்ற ஒப்பீட்டு அளவுகளை வயது, பாலினம், கல்வி வாரியாகத் தருகிறது என்பதால்தான் இங்கே அதற்கு மதிப்பு.

இந்தச் சோதனைகளில் பழக்கத்தால் வரும் ஏற்றம் என்றொரு கண்ணி இருக்கிறது. ஒரே சொற்பட்டியலை இரண்டு மாத இடைவெளியில் மறுபடியும் கேட்டால், மூளை தேறாவிட்டாலும் மதிப்பெண் கூடும். சோதனையே பழகிவிட்டது என்பதே காரணம். அதனால்தான் சரிநிகரான மாற்றுப்பட்டியல்களை வைத்திருக்கிறார்கள். அடிக்கடி சோதிக்கவும் தயங்குகிறார்கள். “மாதா மாதம் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமே” என்று வீட்டார் கேட்கும்போது உளவியலாளர் மறுப்பது சோம்பலால் அல்ல.

இதைவிட நுட்பமான மற்றொரு சிக்கலை லண்டனைச் சேர்ந்த டிம் ஷாலிஸ், பால் பர்ஜஸ் ஆகிய உளவியலாளர்கள் 1991இல் வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தனர். தலைக்காயத்தால் மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்ட மூவரை அவர்கள் ஆராய்ந்தனர். அறிவுத்திறன் சோதனைகளில் மூவரும் நன்றாகவே செய்தனர். அன்றாட வாழ்க்கையோ குலைந்து கிடந்தது. ஆகவே அவர்களைக் கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்று, ரொட்டி வாங்குவது போன்ற சில சிறு வேலைகளையும், பதினைந்து நிமிடம் கழித்து ஓரிடத்தில் வந்து நிற்க வேண்டும் என்ற கட்டளையையும், எதையும் வாங்காமல் எந்தக் கடைக்குள்ளும் நுழையக்கூடாது என்பது போன்ற விதிகளையும் கொடுத்தார்கள். ஒவ்வொரு வேலையும் தனித்தனியே பார்த்தால் சிறுபிள்ளையும் செய்யக்கூடியது. ஆனால் எதை முதலில் செய்வது, எந்த விதியை மறக்கக்கூடாது, நேரம் என்ன ஆயிற்று என்று தானே கவனித்து நடத்திச் செல்லும்போது அவர்கள் தடுமாறினார்கள். சோதனை அறையில், மேசைக்கு எதிரே அமர்ந்திருக்கும் உளவியலாளரே அந்தக் கவனிப்பையெல்லாம் அவர்களுக்காகச் செய்துவிடுகிறார். ‘இப்போது இதைச் செய்யுங்கள், இப்போது நிறுத்துங்கள்’ என்று சொல்ல ஆள் இருக்கும்வரை குறை தெரிவதில்லை.

அன்று தொடங்கிய பல்பணிச் சோதனை இன்று மருத்துவமனை வளாகம், பேரங்காடி என இடத்திற்கேற்பப் பல வடிவங்களில் செய்யப்படுகிறது. கல்லூரிக்குத் திரும்பப்போகும் மாணவருக்கு அறைக்குள் எடுத்த மதிப்பெண்ணைவிட இதுவே அதிகம் சொல்லும் என்று நினைக்கிறேன். அமைதியான அறையில் காலை பத்து மணிக்குக் காட்டிய கவனம், நாற்பது பேர் பேசும் வகுப்பறையில் மாலை மூன்று மணிக்கு, களைப்பு தலைக்கேறிய பிறகு, அப்படியே இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

எங்கே திரும்புவது?

உலக சுகாதார நிறுவனம் 2001ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட பன்னாட்டு வகைப்பாடு, ஒருவரின் நிலையை மூன்று அடுக்குகளாகப் பார்க்கச் சொல்கிறது: உடலின் இயக்கம், செய்யக்கூடிய செயல், வாழ்க்கையில் பங்கேற்பு. கை தசையின் வலு முதலாவது; அந்தக் கையால் எழுதுவது இரண்டாவது; எழுதித் தேர்வில் கலந்துகொள்வது மூன்றாவது. மேலே பார்த்த கருவிகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு அடுக்குகளோடு நின்றுவிடுகின்றன. மூன்றாவதைத் தொட முயல்பவற்றுள் பழமையானது, ஜெனட்டும் மனநல மருத்துவர் மைக்கேல் பாண்டும் 1975இல் வகுத்த கிளாஸ்கோ விளைவு அளவுகோல். மரணம் முதல் நல்ல மீட்பு வரை ஐந்து நிலைகளாக இருந்த இது, பிறகு எட்டாக விரிவாக்கப்பட்டது.

அதன் கேள்விகள் மிக நடைமுறையானவை. இவரை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வீட்டில் தனியாக விட்டுச் செல்ல முடியுமா? துணையின்றிக் கடைக்குப் போய் வருவாரா? வேலையோ படிப்போ முன்போல் செய்கிறாரா, குறைத்துக்கொண்டாரா, முற்றிலும் விட்டுவிட்டாரா? நண்பர்களோடு பொழுதுபோக்குவது முன்பிருந்ததில் பாதிக்கும் குறைவாக ஆகிவிட்டதா? வீட்டில் சச்சரவுகள் எவ்வளவு? அந்தக் குறைகள் காயத்திற்கு முன்பே இருந்தவையா என்றும் கேட்டுவிட்டே நிலை தீர்மானிக்கப்படும். வேலைக்கோ படிப்புக்கோ போகவே முடியாதவர் 5-ஆம் நிலையில் நிற்பார். குறைந்த அளவில் செய்பவர் 6-ஆம் நிலையில் இருப்பார்.

இந்த இடத்தில் இளமை தன் வேறுபாட்டைக் காட்டுகிறது. நாற்பத்தைந்து வயதுக் கணக்காளருக்குக் காயம் பட்டால், ‘வேலைக்குத் திரும்பினாரா?’ என்ற கேள்வி தெளிவானது. திரும்பிச் செல்ல ஒரு மேசை இருக்கிறது. பத்தொன்பது வயதில் காயம் பட்டவருக்கு அந்த மேசை இன்னும் போடப்படவே இல்லை. திட்டமிடவும் உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்தவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டேயிருக்கிறது. ஆகவே அவருடைய ‘பழைய நிலை’ என்பதே முடிவுபெறாத ஒன்று. காயத்தன்று இருந்த இடத்திற்கு இரண்டு ஆண்டுகளில் அப்படியே திரும்பி வந்தாலும், உடன் படித்தவர்கள் இதற்குள் பட்டம் வாங்கி, வேலையில் அமர்ந்து, சிலர் திருமணமும் செய்துகொண்டிருப்பார்கள். எண்ணளவில் அவர் முழுமையாகத் தேறியவர், வாழ்க்கையில் பின்தங்கியவர். இந்த இடைவெளியைப் பதிவுசெய்ய, அதே வயதினர் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பங்கேற்பை அளக்கும் கேள்வித்தாள்களை இறக்குமதி செய்யும்போது குடும்ப அமைப்பும் குறுக்கிடுகிறது. அமெரிக்காவில் 1993இல் வெளியான சமூக ஒருங்கிணைவுக் கேள்வித்தாளில் 15 கேள்விகள், 29 மதிப்பெண்கள். வீட்டில் சமையலை யார் செய்கிறார்கள், மளிகை வாங்குவது யார் என்று கேட்டு, தானே தனியாகச் செய்தால் கூடுதல் மதிப்பெண் தருகிறது. பெற்றோருடன் வாழும் தமிழ் வீட்டு இளைஞர், அதிலும் ஆண்பிள்ளை, காயத்திற்கு முன்பே அடுப்படிப் பக்கம் போனதில்லை என்றால், அவர் இழக்கும் மதிப்பெண்ணுக்கு மூளைக்காயம் பொறுப்பல்ல. வளர்ப்புக்கும் அதில் பங்குண்டு என்பதைச் சிரித்துக்கொண்டாவது ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே எந்தக் கேள்வித்தாளையும் நிரப்பும்போது, காயத்திற்கு முந்தைய மாதத்திற்கும் சேர்த்து ஒரு முறை நிரப்பி வைத்துக்கொள்வது நல்லது.

ஒருவருக்கென்றே செய்த அளவுகோல்

எல்லோருக்கும் பொதுவான கேள்விகளை விட்டுவிட்டு, ஒருவருடைய இலக்கையே அளவுகோலாக மாற்றும் முறையும் உண்டு. தாமஸ் கிரெசுக், ராபர்ட் ஷெர்மன் ஆகியோர் மனநலச் சேவைகளுக்காக 1968இல் அறிமுகப்படுத்திய இலக்கு எட்டல் முறை பிறகு மறுவாழ்வுத் துறையில் பரவியது. எதிர்பார்த்த நிலைக்கு 0. அதைவிடச் சற்று மேல் +1, மிக மேல் +2. சற்றுக் கீழ் -1, மிகக் கீழ் -2. கல்லூரிக்குப் பேருந்தில் செல்வது ஒரு மாணவரின் இலக்கு என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் தங்கை உடன் வர, பேருந்து எண்ணைத் தானே பார்த்து ஏறி இறங்குவது 0 என்று எழுதுகிறார்கள். தனியாக ஒரு வழி மட்டும் செல்வது +1. தனியாகப் போய், தனியாகவே திரும்புவது +2. தங்கை எண்ணைச் சொல்லி ஏற்றிவிட வேண்டியிருந்தால் -1. பேருந்தில் ஏறவே முடியாவிட்டால் -2. பயிற்சி தொடங்கும் முன்பே இவ்வைந்தையும் எழுதி, மாணவரும் வீட்டாரும் பயிற்சியாளரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதன் உயிர்நாடி. பிறகு எழுதினால், நடந்ததையே எதிர்பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளத் தோன்றும். எளிதான இலக்கை 0 என்று வைத்துவிட்டு வெற்றி கொண்டாடும் பலவீனமும் இம்முறைக்கு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

எண் குறைந்தால் பின்னடைவா?

ஒரு மாதத்தில் மதிப்பெண் இரண்டு புள்ளி ஏறியது என்றதும் மகிழவோ, இரண்டு இறங்கியது என்றதும் துவளவோ கூடாது. தூக்கம் கெட்ட இரவு, வலிப்புத் தடுப்பு மாத்திரையின் மந்தம், சோதிப்பவர் மாறியது ஆகிய எதுவும் அந்த இரண்டு புள்ளிகளை நகர்த்தலாம். ஒவ்வொரு அளவுகோலுக்கும், இத்தனை புள்ளி நகர்ந்தால்தான் அது மெய்யான மாற்றம் என்ற ஓர் எல்லை ஆய்வுகளின் வழியாகக் கணக்கிடப்பட்டிருக்கும். அந்த எல்லை என்ன என்று பயிற்சியாளரிடம் கேட்பது வீட்டாரின் உரிமை.

காலத்தையும் அவசரப்பட்டு முடிவுகட்டக்கூடாது. மீட்பு முதல் ஆறு மாதங்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடப்பது பொதுவான போக்கு. நின்றுவிடுகிறது என்பது பொருளல்ல. அமெரிக்காவின் பல மருத்துவ மையங்களில் நடந்து 2021இல் வெளியான டிராக்-டிபிஐ ஆய்வில், கடுமையான காயம் பட்டவர்களில் இரண்டாம் வாரத்தில் ஏறத்தாழ 12 சதவீதத்தினர் மட்டுமே விரிவாக்கப்பட்ட கிளாஸ்கோ விளைவு அளவுகோலின் 4-ஆம் நிலையையோ அதற்கு மேலையோ எட்டியிருந்தனர். பன்னிரண்டாம் மாதத்தில் அது ஏறத்தாழ 52 சதவீதம் ஆயிற்று. இரண்டாம் வாரத்து எண்ணை வைத்து வாழ்நாளைத் தீர்மானிப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 4-ஆம் நிலை என்பது பகலில் எட்டு மணி நேரம் தனியாக இருக்க முடிகிற நிலைதானே தவிர, பழைய வாழ்க்கை அல்ல என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இறங்கும் எண்ணே முன்னேற்றமாக இருக்கும் ஒரு சந்தர்ப்பமும் உண்டு. மூளைக்காயம் தன் குறையைத் தானே உணரும் ஆற்றலையும் பாதிக்கக்கூடும். அமெரிக்க நரம்பியல் உளவியலாளர் ஜார்ஜ் பிரிகடானோ 1986இல் வெளியிட்ட கேள்வித்தாளில், சமைப்பது, பணத்தைக் கையாள்வது, வாக்குவாதத்தைச் சமாளிப்பது போன்ற 30 செயல்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் தர வேண்டும். பாதிக்கப்பட்டவர் ஒரு தாளிலும், அவரை நன்கறிந்த உறவினர் மற்றொரு தாளிலும் தனித்தனியே நிரப்புவார்கள். முதலில் மகன் எல்லாவற்றுக்கும் 5 போட்டிருப்பார், தாய் 2-உம் 3-உமாகப் போட்டிருப்பார். சில மாதங்கள் கழித்து மகனின் தாளிலும் 3-கள் தென்படத் தொடங்கினால், அவர் திறமை குறைந்துவிட்டது என்று பொருளல்ல. தன்னைத் தெளிவாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள். அதே மாதத்தில் அவர் மனச்சோர்வு அடைவதும் உண்டு என்பதால், இந்த இரண்டு தாள்களும் நெருங்கி வரும் நேரத்தில் உளவியலாளர் கூடுதல் கவனத்தோடு இருப்பார்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரு நோட்டில் தேதியிட்டு, வாரம் ஒரு முறை, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதி வைப்பது. ‘இந்த வாரம் பரவாயில்லை’ என்ற வரியால் மருத்துவருக்கு எந்தப் பயனும் இல்லை. ‘செவ்வாய்க்கிழமை கடைக்கு நான்கு பொருள் வாங்கச் சொன்னோம், சீட்டு எழுதித் தரவில்லை, மூன்றை வாங்கி வந்தார், மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணித் தந்தார், வந்ததும் ஒன்றரை மணி நேரம் படுத்துவிட்டார்’ என்று எழுதினால், நினைவு, கணக்கு, களைப்பு ஆகிய மூன்றையும் ஒரே வரியில் அளந்துவிட்டீர்கள். அடுத்த முறை வெளிநோயாளர் பிரிவுக்குப் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியது அந்த நோட்டு.